அம்மா நனைத்த தரை

பிரெஞ்சு நாட்டுக்கு வந்து லா சப்பலில் நாங்கள் இருந்த வீட்டின் சமையலறையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம்தான் வருகிறது. பழைய மரத்தரை, நடந்தால் முனகும். ஊரில்போல வெள்ளிக்கிழமைகளில் வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் கீழ்வீட்டுப் பிரெஞ்சுக்கார மதாமின் தலையில் போய் விழும். அதனால் பீங்கான் ஓடு பதிப்பதென்று அப்பா முடிவெடுத்தார். அம்மாவிடம் கேட்கவில்லை.

கட்டட வேலை செய்த சித்தப்பா வந்து தரை முழுக்கக் குதித்துப் பார்த்தார்.

"அண்ணை, இதுக்கு மேலை அப்பிடியே ஒட்டினா எல்லாம் வெடிக்கும். முதல்லை தரை ஆடாமல் நிக்க வேணும்."

முனகிய இடமெல்லாம் திருகாணி முறுக்கினார்கள். மேலே தடித்த ஒட்டுப்பலகைகளைப் பரப்பி, மரம் ஈரத்தில் ஊதினால் இடம் வேண்டுமென்று சுவரோரம் விரலளவு விட்டார்கள். திருகாணித் தலை எங்காவது துருத்துகிறதா என்று நான் உள்ளங்கையால் தடவிப் பார்த்துச் சொல்ல வேண்டும். எனக்கு ஒரே பெருமை.

அம்மா அடுப்படியில் நின்று கத்தினார். அக்காவை ஊரில் மாமியுடன் விட்டுவிட்டு வந்திருந்தோம். ஒரு வருடத்தில் திரும்பிவிடலாம் என்று அப்பா சொன்னதை நம்பித்தான் அம்மா விமானம் ஏறினார். இப்போது அங்கே ஷெல் விழத் தொடங்கியிருந்தது.

"திரும்பிப் போற ஆள் தரை போடுமோ? பிள்ளையை என்ன செய்யப்போறியள்?"

"முதல்லை இது முடியட்டும். கத்தாதையும், கீழை கேக்கும்."

"கேக்கட்டும்! அந்தப் பிரெஞ்சுக்காரிக்காவது கேக்கட்டும்!"

மறுநாள் அப்பாவும் சித்தப்பாவும் ஓடு வாங்கப் போன நேரம், அம்மா வாளி வாளியாகப் பலகைமேல் தண்ணீர் ஊற்றினார். அவர்கள் திரும்பியபோது பலகையின் ஓரங்கள் பொரித்த அப்பளமாக எழும்பியிருந்தன. பின்னாலேயே மதாம் ஏறி வந்து, நீங்கள் என்ன ஆற்றிலா குடியிருக்கிறீர்கள் என்று கத்தினார். வீட்டில் பிரெஞ்சு படித்தவன் நான் ஒருவன்தான். அதையும் நானே தமிழில் சொல்ல வேண்டியிருந்தது.

"மாட்டு மூளை!" என்று அப்பா அம்மாவைப் பார்த்து உறுமினார்.

சித்தப்பா இடையில் விழுந்தார். "விடுங்கோ அண்ணை. ஊர்ச் சீமெந்தைப்போல தண்ணி விட்டு ஊற வைக்கோணும் எண்டு அண்ணி நினைச்சிட்டா."

"மரமெண்டு எனக்குத் தெரியும்," என்றார் அம்மா.

நான் சித்தப்பா சொன்னதைத்தான் மதாமுக்குச் சொன்னேன். மதாம் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக அவரை அடிக்க வேண்டும்போல் இருந்தது. அம்மா சொன்னது வெறும் ரோசம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஊதிய பலகைகளைக் கழற்றி, அடியிலிருந்த மரத்தரை காயும்வரை காத்திருந்து, புதிதாகப் பரப்பி, அப்பா ஓடு பதித்துவிட்டார். வெள்ளை வெளேரென்று இருந்தது. அதன்பிறகு அம்மா கத்தவேயில்லை. அக்காவைப் பற்றி அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒருவழியாக அம்மாவுக்குத் தரை பிடித்துவிட்டதென்று நான் சந்தோஷப்பட்டேன்.