வராத கோடு

எங்கள் வீட்டுப் பின்வாசலுக்கும் பக்கத்து வீட்டுப் பின்வாசலுக்கும் நடுவில் இடுப்பளவு உயரத்தில் ஒரு சுவர். அதற்கு மேலே நீண்டு வந்த ஒரு கைதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்த விரல்கள். விரித்த உள்ளங்கையின் நடுவே, கத்தரியால் வெட்டிய சின்னச் சதுர அட்டைக்குள் ஒரு வெள்ளை மாத்திரை. அட்டையின் மூலைகள் குத்தும் என்பதால் அந்தக் கை மூடாமலே காத்திருந்தது. சுவரின் இந்தப் பக்கம் என் மகள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடைவாய்ப் பல் வலி. மறுநாள் பள்ளியில் கணக்குப் பரீட்சை.

"வாயத் தொற பாப்பா, பாக்கலாம்" என்று சொல்லி, பக்கத்து வீட்டு அக்கா கைபேசி வெளிச்சத்தை அவள் வாய்க்குள் அடித்துப் பார்த்தார். "அய்யோ சிவனே, ஈறு வீங்கிப் போயிருக்குது. இத போட்டுட்டுப் படு. காலையில வலி இருந்த இடமே தெரியாது."

நானும் பக்கத்தில்தான் இருந்தேன். தண்ணீர்ச் சொம்பை எடுத்துக் கொடுத்ததே நான்தான்.

ஓசூரிலிருந்து பாகலூர் போகும் சாலையில் இருக்கிறது எங்கள் லைன் வீடு. ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள், எல்லாருக்கும் பொதுவாக ஒரு குழாய். தமிழும் கன்னடமும் தெலுங்கும் அந்தக் குழாயடியில் ஒன்றாகக் கலந்துதான் பேசப்படும். எல்லா வீட்டிலும் கம்பெனி வேலை, எல்லா வீட்டிலும் ஏதோ ஒரு வலி. கம்பெனி டிஸ்பென்சரியில் கொடுக்கும் மாத்திரையை யாரும் கடைசி வரை சாப்பிடுவதில்லை. மிச்சம் அக்கா வீட்டு பிஸ்கட் டப்பாவுக்குப் போய்விடும். யாருக்கு எது வேண்டுமானாலும் அங்கே போய்க் கேட்கலாம். கேட்பவர் ஒன்றுக்கு மேல் எடுத்துப் போகக் கூடாது என்று அக்கா அட்டைகளை ஒவ்வொரு மாத்திரையாக வெட்டி வைத்திருப்பார். வெட்டும்போது மாத்திரையின் பெயர் துண்டு துண்டாகிவிடும். அதனால் நாங்கள் நிறத்தைச் சொல்லித்தான் கேட்போம். காய்ச்சலுக்கு மஞ்சள், வாயுவுக்கு ரோஸ். குழம்பு கடன் வாங்குவதைப் போலத்தான் அதுவும். தவறு என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை.

இத்தனை பேருக்குக் கொடுத்த அக்கா, தான் ஒன்றுகூடப் போட்டுக்கொள்ள மாட்டார். காய்ச்சலில் உடம்பு கொதித்தாலும் மிளகு ரசம்தான். "ஊருக்கெல்லாம் டாக்டரு, தனக்கு மட்டும் ரசம்" என்று அவர் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். "எனக்கு எறங்காதுப்பா. மாத்திரையக் கண்டாலே தொண்டை கதவச் சாத்திக்குது" என்பார் அக்கா. பிறந்த ஊர் தேன்கனிக்கோட்டைப் பக்கம், வீட்டில் பேசுவது கன்னடம். என்னைத் தம்பி என்பார். அவர் வீட்டுக்காரரை நான் மாமா என்று கூப்பிடுவேன்.

மாமா தகடு வெட்டும் பிரஸ் மிஷினில் வேலை செய்தார். ஒரு நாள் இடது கையில் இரண்டு விரல் நுனி போய்விட்டது. தையல் பிரித்ததும் மறுபடியும் வேலைக்கு வந்துவிட்டார். வராமல் இருந்தால் காண்ட்ராக்டர் வேறு ஆளைக் கம்பெனிக்குப் போகும் தன் வண்டியில் ஏற்றிவிடுவார். ஆனால் வலி மட்டும் போகவில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்த அந்த வெள்ளை மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் ஷிப்டுக்குப் போவார். மயக்கம் தரும் மருந்து சாப்பிடுகிறவரை மிஷினில் நிறுத்தக் கூடாது என்பது கம்பெனிச் சட்டம். அது நியாயமான சட்டம்தான். எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். மாமா மாத்திரை போடுவது எங்கள் இரண்டு வீட்டைத் தவிர யாருக்கும் தெரியாது. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மாமாவின் காண்ட்ராக்டரும் என் மகள் படித்த பள்ளியின் தாளாளரும் கூடப்பிறந்தவர்கள். பத்தாவதில் அவள் நல்ல மார்க் எடுத்தாள் என்று அந்தப் பள்ளியே கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டது. நான் ஐந்தாவதோடு நின்றவன். அந்தப் பள்ளியின் சீருடையில் அவள் பஸ் ஏறுவதைத் தூரத்தில் நின்று பார்ப்பேன்.

அந்த வருடம் கர்நாடக எல்லைப் பக்கத்துப் பள்ளிகளில் போதை மாத்திரைப் பேச்சு அதிகமாக இருந்தது. எங்கள் பள்ளிக் கழிவறைக்குப் பின்னால் காலி அட்டைகள் கிடந்தன என்று சொன்னார்கள். பெரிய வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் சிறுநீர்ப் பரிசோதனை செய்யப் போவதாகப் பெற்றோருக்குச் செய்தி வந்தது. நாங்களும் சம்மதம் சொன்னோம். நம் பிள்ளைக்கு என்ன பயம்? கணக்குப் பரீட்சை முடிந்த கையோடு லேப்காரர் ஹாலில் உட்கார்ந்து எல்லார் கையிலும் ஒரு கப்பைக் கொடுத்திருக்கிறார்.

நான் கம்பெனியில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். கம்பெனிச் சட்டையோடே ஓடினேன். பிரின்சிபால் மேடம் அறையில் என் மகள் சுவரோரமாக நின்றிருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும். மேசையில் ஒரு சின்னப் பரிசோதனை அட்டை இருந்தது. மருந்துக்கு ஒன்றாக வரிசையாகக் கோடுகள். கோடு வந்தால் உடம்பில் ஒன்றுமில்லை, வராவிட்டால் அந்த மருந்து இருக்கிறது என்று அர்த்தமாம். என் மகளின் அட்டையில் ஒரே ஒரு இடம் வெள்ளையாக இருந்தது. அது அபின் வகை என்றார் லேப்காரர்.

"பல்லு வலிக்குப் பக்கத்து வீட்டு அத்தை குடுத்தாங்கன்னு சொல்றா. என்ன மாத்திரை?" என்று மேடம் கேட்டார்.

"வெள்ள மாத்திரைங்க" என்றேன். யாருடையது என்று சொல்ல வாய் வரவில்லை, பெயரோ எனக்கே தெரியாது. வெட்டிய சதுரத்தில் பெயரும் இல்லை.

தாளாளர் அருகில் உட்கார்ந்திருந்தார். "மாட்டினவங்க எல்லாம் இதத்தான் சொல்றாங்க. குடுத்தவங்களக் கூட்டிட்டு வாங்க, மாத்திரையையும் கொண்டு வாங்க. நாளைக்குக் காலையில வரலன்னா டி.சி. வாங்கிட்டுப் போயிடுங்க. போலீசுக்கும் நாங்க சொல்லியாகணும்" என்றார். நான் தலையை ஆட்டினேன். பேச வேண்டிய இடத்திலெல்லாம் தலையை ஆட்டியே பழகிவிட்டவன் நான். பொதுத்தேர்வுக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. அந்தக் காரணம் எழுதிய டி.சி.யோடு போனால் எந்தப் பள்ளி அவளைச் சேர்த்துக்கொள்ளும்?

அன்று சாயங்காலம் அக்கா சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். பேசியது என் மனைவிதான். நான் பின்னால் நின்றேன். மகள் அந்த அட்டையைப் பற்றி, வராமல் போன கோட்டைப் பற்றி, விரலால் சுவரில் வரைந்து காட்டிச் சொன்னாள். அக்கா அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வரேன்னு சொல்லத்தான் வாய் வருது" என்றார் கடைசியில். "ஆனா அங்க உக்காந்திருக்கறது யாரு? காண்ட்ராக்டரோட அண்ணன். யாரு மாத்திரைன்னு கேப்பான். மாமா பேரு வெளிய வந்துச்சுன்னா நாளைக்கே வண்டில ஏத்த மாட்டாங்க. இந்தக் கைய வெச்சுக்கிட்டு வேற எங்க போவாரு?"

"உங்க ஆளுக்கு வேலை பெருசு. எம் பொண்ணுக்குப் படிப்பு பெருசில்லையா?" என்றாள் என் மனைவி.

"நான் அப்படியா சொன்னேன்?" அக்கா என்னைப் பார்த்தார். "ஏன் தம்பி, நீ ஒண்ணும் பேச மாட்டியா?"

"அவரா? அவரு வாயத் தொறந்து கேக்கற ஆளா இருந்தா நாங்க எதுக்குக்கா இந்த லைன் வீட்டுல கெடக்கறோம்?"

உண்மையில் என் வாயில் வார்த்தை இருந்தது. வாங்கக்கா என்று ஒரு வார்த்தை. ஆனால் அதைச் சொன்னால் மாமாவின் கையைப் பிடித்து வண்டியிலிருந்து இறக்கிவிடுவது போலத் தோன்றியது. சொல்லாவிட்டால் என் மகளின் கையைப் பிடித்துப் பள்ளியிலிருந்து வெளியே கூட்டி வர வேண்டும். உள்ளே டி.வி. சத்தம் சட்டென்று கூடியது. மாமா கேட்டுக்கொண்டுதான் இருந்தார் என்று தெரிந்தது. அக்கா பாத்திரங்களை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

காலையில் அவர்கள் வீட்டுக் கதவில் பூட்டு தொங்கியது. மாமா எப்போதும் போல ஷிப்டுக்குப் போயிருப்பார். அக்கா அந்த நேரத்தில் எங்கும் போகிறவர் இல்லை. "பாத்தீங்களா, நம்ம மூஞ்சியப் பாக்கக் கூடாதுன்னு போயிட்டாங்க" என்றாள் மனைவி. நானும் மகளும் பஸ் ஏறினோம். வழி முழுக்க அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். எங்கள் பிள்ளைகள் எல்லாரும் ஒரு நாள் வேலைக்குப் போகப் போகும் கம்பெனிகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின.

மேடம் அறையில் நாங்கள் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் வாசலில் சத்தம் கேட்டது. "உள்ள விட மாட்டேன்னா என்னா? நான் என்ன ஆடு மேய்க்கவா வந்திருக்கேன்? பாப்பா விசயமா வந்திருக்கேன்!" அக்காவின் குரல். கல்யாணத்துக்கு மட்டும் கட்டும் அரக்குச் சேலையில் வந்திருந்தார். நெற்றியில் வேர்வை. கையில் ஒரு முழு அட்டை, வெட்டாதது. பெயர் தெரிய வேண்டும் என்று மருந்துக் கடை திறக்கும் வரை வாசலில் நின்று வாங்கி வந்திருக்கிறார்.

"குடுத்தது நான். பாப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது, வலி தாங்காம போட்டுக்கிச்சு" என்று அட்டையை மேசையில் வைத்தார். அன்றும் வந்திருந்த லேப்காரர் பெயரைப் படித்துவிட்டு, இது போட்டால் அந்தக் கோடு வராதுதான் என்றார்.

தாளாளர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "இது சும்மா தர்ற மாத்திரை இல்ல. யாருக்கு எழுதினது? உங்க வீட்டுக்காரர் நம்ம தம்பி வண்டியிலதானே போறாரு? கையில அடிபட்டவரு?"

என் மகள் என் விரலைப் பிடித்தாள்.

அக்கா சிரித்தார். எப்படிச் சிரிக்க முடிந்தது என்று இன்றும் எனக்குப் புரியவில்லை. "அவருக்கு எதுக்கு சார்? அவரு கல்லு. எனக்குத்தான் இடுப்பு வலி. தெனமும் இதப் போட்டாத்தான் எந்திரிக்கவே முடியும்."

"டாக்டர் சீட்டு?"

"மெடிக்கல்லயே வெச்சுக்கிட்டாங்க."

மேடத்துக்கும் தாளாளருக்கும் நம்பிக்கை வரவில்லை. யாரையாவது கூட்டி வந்து நான்தான் கொடுத்தேன் என்று சொல்ல வைப்பது பெரிய காரியமா என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போது அக்கா லேப்காரர் பக்கம் திரும்பினார். "அந்தக் கப்ப எனக்கும் ஒண்ணு குடுங்க. தெனமும் சாப்பிடறவளா இல்லையான்னு அதுவே சொல்லட்டும்."

அக்காவின் தொண்டையில் ஒரு மாத்திரையும் இறங்காது என்பது எங்கள் லைன் முழுக்கத் தெரியும். கோடு வந்துவிடும். பொய் என்று தெரிந்துவிடும். என் மகளின் பேச்சும் பொய்யாகிவிடும், மாத்திரை யாருடையது என்பதும் வெளியே வந்துவிடும். எழுந்து தடுக்க நினைத்தேன். எழுந்திருக்கவில்லை.

அக்கா கப்போடு போய் வந்ததும் லேப்காரர் அட்டையை அதில் நனைத்து மேசையில் வைத்தார். ஒவ்வொரு கோடாகச் சிவந்து வந்தது. எல்லாரும் குனிந்து பார்த்தோம். என் மகளுக்கு எந்த இடம் வெள்ளையாக இருந்ததோ, அதே இடம் அக்காவுக்கும் வெள்ளையாகவே இருந்தது. காத்திருந்து பார்த்தோம். அந்தக் கோடு வரவே இல்லை.

அப்போதுதான் அக்காவின் முகத்தை நன்றாகப் பார்த்தேன். கண்கள் செருகிச் செருகித் திறந்தன. மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

அக்காவுக்கு நல்ல திட்டு கிடைத்தது. படிக்கிற பிள்ளைக்கு இப்படியா விஷத்தைக் கொடுப்பீர்கள், உங்கள் மேல் கேஸ் போட முடியும் என்றார்கள். எல்லாவற்றுக்கும் "தப்புதாங்க, தப்புதாங்க" என்றார். என் மகளை வகுப்புக்குப் போகச் சொன்னார்கள்.

திரும்பும்போது பஸ் ஸ்டாப் வரை அக்காவால் நடக்க முடியவில்லை. சாலையோரப் புளியமரத்துக்கடியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். "விடியறப்பவே ரெண்டு போட்டுட்டேன் தம்பி. ஒண்ணு போதாதுன்னு பயம்" என்றார். "இத முழுங்கறதுக்குள்ள உசுரே போயிடுச்சு. இந்த மனுசன் இத போட்டுக்கிட்டா மிஷின்ல நிக்கறாரு?" பிறகு முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டார். அதுவரை அழாதவர் அப்போதுதான் அழுதார்.

அவர் செய்தது சரியா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. என் மகள் பிழைத்தாள். ஆனால் அந்தப் பொய்யால்தான் மாமா அதே மாத்திரையோடு அதே மிஷினில் தொடர்ந்து நின்றார். அதன் பிறகு வண்டி வரும் நேரத்தில் அக்கா தெருமுனையில் நின்று, இறங்குகிற மாமாவின் இரண்டு கைகளையும் பார்த்த பிறகுதான் வீட்டுக்குள் போவார். பள்ளியில் நடந்தது எப்படியோ குழாயடிக்கு வந்துவிட்டது. பிஸ்கட் டப்பாவில் கை விட்டவர்களே அக்காவை மாத்திரைக்காரி என்றார்கள். அவர் குடத்தை வைத்தால் மற்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். என் மனைவி ஒரு நாள் குழாயடியில் பெரிய சண்டை போட்டாள். ஆனால் உண்மையைச் சொல்ல முடியாத சண்டை எத்தனை நேரம் நடக்கும்? பொதுத்தேர்வு முடிந்த சமயத்தில் மாமாவே வேலையை விட்டார். இருவரும் தேன்கனிக்கோட்டைப் பக்கம், அக்காவின் அண்ணன் நிலத்துக்குப் போய்விட்டார்கள். வண்டியில் சாமான் ஏற்றிய அன்றுகூட நான் கட்டில் தூக்கிக் கொடுத்தேனே தவிர, சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் தேன்கனிக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நின்றோம். என் மகள் இப்போது கிருஷ்ணகிரியில் கல்லூரி இரண்டாம் வருடம். எங்கிருந்தோ "பாப்பா!" என்று ஒரு குரல். கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு அக்கா கூட்டத்தை விலக்கி வந்தார். இளைத்திருந்தார். மாமா ராகிக் காட்டில் யானை இறங்காமல் காவல் இருப்பதாகவும், இப்போது மாத்திரை இல்லாமல் தூங்குவதாகவும் சொன்னார். "மிஷினுக்கு யானை தேவல தம்பி. வர்றதுக்கு முன்னாடி சத்தமாவது குடுக்குது" என்று சிரித்தார்.

எனக்கு வார்த்தை நெஞ்சு வரை வந்தது. "சாப்டீங்களாக்கா?" என்று மட்டும் கேட்டேன். என் மனைவி என்னைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

அக்கா அதைக் கவனிக்கவில்லை. சோப்புக்குப் பதிலாக மண் ஏறிய அதே கையால் என் மகளின் தாடையைப் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பினார். "வாயத் தொற பாப்பா, பாக்கலாம்."

அத்தனை கூட்டத்துக்கு நடுவில், அவ்வளவு வளர்ந்த பெண், கொஞ்சமும் கூச்சப்படாமல் வாயைத் திறந்து காட்டினாள். கடைவாயில், அன்று வலித்த பல் இருந்த இடம் காலியாக இருந்தது. அக்கா எட்டிப் பார்த்தார். சரி என்பது போலத் தலையாட்டி, அவள் கன்னத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டார்.