தோண்டியெடுக்க ஒரு மனு

சுண்ணாம்புக்கல் லாரிகளுக்காக எங்கள் ஊர் இடுகாட்டின் ஓரத்தை எடுத்து ரோட்டை அகலப்படுத்தப் போவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். எங்கள் அம்மாவைப் புதைத்தது அந்த ஓரத்தில்தான். எடுத்து வேறிடத்தில் அடக்கம் செய்ய மனு எழுதிக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போனேன்.

“தோண்டியெடுக்கன்னு மொட்டையா எழுதினா எப்படிங்கம்மா? எக்ஸ்யூமேஷன்னு போடுங்க” என்று கிளார்க் திருப்பிக் கொடுத்தார். எரிச்சலோடு வராந்தாவில் உட்கார்ந்து செல்போனில் தேடினேன். லத்தீன் சொல்லாம். ‘எக்ஸ்’ என்றால் வெளியே, ‘ஹூமுஸ்’ என்றால் மண். மண்ணிலிருந்து வெளியே. அட, இதைத்தானே நானும் எழுதினேன்! அந்த ஒரு சொல்லுக்காக மூன்று முறை பஸ் ஏறினேன்.

ஒருவழியாக உத்தரவு வந்தது. ஜேசிபியும் வந்தது. வி.ஏ.ஓ. “எந்த இடம்?” என்றார். நான் அண்ணனைப் பார்த்தேன்.

“இங்கதான் பாப்பா, இந்தக் கருவ மரத்துக்கு அந்தாண்ட” என்றான். தோண்டினார்கள். வெறும் மண். “இல்ல இல்ல, இந்தாண்ட” என்றான். அங்கேயும் மண்தான். மூன்றாவது குழிக்கு அவன் கை நீட்டியபோதே எனக்குப் புரிந்துவிட்டது. சாமி வரம் கொடுத்தும் பூசாரி கொடுக்காத கதை.

“பால் தெளிக்க வந்தியே, ஒரு கல்லாவது நட்டியாண்ணே?”

“பதினொரு வருசமாச்சு பாப்பா. அப்ப இந்த மரமெல்லாம் ஏது? காரியம் முடிஞ்சப்புறம் யாரு இந்தப் பக்கம் வரா?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் பக்கம் பெண்கள் இடுகாட்டுக்குப் போகக் கூடாது; மனு என் பேரில் இருந்ததால்தான் இப்போது உள்ளே விட்டார்கள். அம்மாவின் பாடைக்குப் பின்னால் ஓடிய என்னைத் தெருமுக்கிலேயே பிடித்து நிறுத்தியவன் இவன்தான்.

“அன்னைக்கு என்னைய விட்டிருந்தா நான் மறந்திருப்பேனாண்ணே?” என்று கத்தினேன். வி.ஏ.ஓ. வாட்சைப் பார்த்தார்.

“ஒண்ணும் கிடைக்கலன்னு கையெழுத்துப் போட்டுடுங்கம்மா. வண்டி அடுத்த ஊருக்குப் போவணும்.”

போட்டேன். வேறென்ன செய்வது?

இப்போது ரோடு போட்டாகிவிட்டது. தினமும் அதன்மேல்தான் ஸ்கூட்டியில் வேலைக்குப் போகிறேன். இடுகாட்டு ஓரம் வந்ததும் வண்டியை ஒதுக்கி ஓட்டலாம் என்று பார்க்கிறேன். எந்தப் பக்கம் ஒதுக்குவது என்று தெரியவில்லை.