சிவப்பாக இருந்திருக்க வேண்டிய பொத்தான்

இசைவாணிக்குப் பயம் கூடவே பிறந்தது. வண்டியைப் பூட்டிவிட்டு நாலு எட்டு வைத்ததும் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். ரிஷிவந்தியத்தில் கரும்பும் நெல்லும் போடும் வீட்டுப் பெண். கம்ப்யூட்டர் படித்தவள் சென்னைக்குப் போகாமல், கள்ளக்குறிச்சியில் ஒரு செல்போன் கடையின் மாடியில் நாலு பேர் உட்கார்ந்திருந்த அலுவலகத்தில் சேர்ந்ததும் அந்தப் பயத்தால்தான். செல்போன் செயலிகளின் முகத்தைச் சீராக்குவது அவள் வேலை. எழுத்து எவ்வளவு பெரிது, பெட்டிக்கு எவ்வளவு ஓரம், பொத்தானுக்கு என்ன நிறம் என்பதையெல்லாம் நிரலில் எழுதுவாள்.

அப்போது அவள் கையில் இருந்தது ஒரு தொண்டு நிறுவனத்தின் செயலி. கல்வராயன் மலையில் கர்ப்பிணிகளை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் பெண்களுக்காகச் செய்தது. ரத்த அழுத்தத்தைப் பார்த்து எண்ணைப் போட்டால் அடியில் ஒரு பொத்தான் வரும். பச்சை வந்தால் பதிந்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகலாம். சிவப்பு வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். அந்தப் பெண்களில் பாதிப் பேர் எழுத்துக்கூட்டித்தான் படிப்பார்கள். அதனால் நிறத்தைத்தான் நம்பினார்கள்.

முன்னால் அதை எழுதியவர் ஒவ்வொரு பக்கத்திலும் நிறத்தைத் தனித்தனியாக எழுதி வைத்திருந்தார். அறுபது பக்கங்களில் ஏழு விதப் பச்சை. எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கச் சொன்னார் அலுவலகத்தை நடத்தும் கவியரசன். இசைவாணி எல்லா நிறங்களையும் ஒரே கோப்பில் கொண்டுவந்தாள். சாதாரணப் பொத்தான் இப்படி, எச்சரிக்கைப் பொத்தான் இப்படி என்று அங்கே ஒருமுறை எழுதிவிட்டால் போதும், பக்கங்களில் பெயரை மட்டும் சொன்னால் அந்த நிறம் வந்துவிடும். பெயர் சொல்லாத பொத்தானுக்குச் சாதாரணப் பச்சை தானாக விழும். ஒரு வரியை மாற்றினால் அறுபது பக்கமும் மாறும். அது அவளுக்குப் பிடித்திருந்தது. அதே அளவுக்குப் பயமாகவும் இருந்தது. மூன்று வாரம் உட்கார்ந்து பழைய நிறங்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் புதிய பதிப்பு வெளியே போனது.

வியாழக்கிழமை காலை, வேலைக்கு வரும் பஸ்ஸில், எழுத்து சரியாகத் தெரிகிறதா என்று பார்க்கச் சோதனைப் போனை எடுத்தாள். ரத்த அழுத்தம் கேட்ட இடத்தில் 170, 110 என்று போட்டாள். அடியில் பொத்தான் வந்தது. பச்சை.

வெயில் பட்டுத்தான் அப்படித் தெரிகிறது என்று கையால் மறைத்துப் பார்த்தாள். பச்சையேதான். ‘ஆஸ்பத்திரிக்கு அனுப்பவும்’ என்று பச்சைப் பொத்தானில் வெள்ளை எழுத்து. அந்தப் பக்கத்தில் பழைய சிவப்பை எடுத்தவள் எச்சரிக்கை என்ற பெயரைப் போடாமல் விட்டிருக்கிறாள். பக்கத்தில் இருந்த அம்மாள், இன்னா கண்ணு மயக்கமா என்று கேட்டது அவள் காதில் சரியாக விழவில்லை.

அலுவலகத்தில் கவியரசன் போனை வாங்கித் தானும் ஒருமுறை எண்ணைப் போட்டுப் பார்த்தார். தவறைத் திருத்த இரண்டு நிமிஷம் ஆனது. ஒரே ஒரு சொல். ஆனால் அதற்குள் ஒன்பது போன்கள் செவ்வாய்க்கிழமைப் பதிப்பை வாங்கியிருந்தன. வரிசையாகக் கூப்பிட்டார்கள். எட்டுப் பேர் எடுத்தார்கள். அவர்கள் பார்த்த யாருக்கும் அழுத்தம் ஏறியிருக்கவில்லை. ஒன்பதாவது பச்சையம்மாள். கரியாலூருக்கு அப்பால், சிக்னல் எட்டாத ஊர். புதன்கிழமை காலை கரியாலூருக்கு வந்தபோது அவருடைய போன் பதிப்பை இறக்கியிருந்தது. அதன்பிறகு அவர் பார்த்தது யாரை, போட்ட எண் என்ன என்பது எதுவும் மலையிலிருந்து கீழே வரவில்லை.

“அந்தம்மா சிக்னல் இருக்கிற எடத்துக்கு வந்தா தானா சரியாயிடும். நீ மலைக்குப் போயி இன்னா பண்ணப் போற?” என்றார் கவியரசன்.

“அதுக்குள்ள யாரையாச்சும் பாத்துட்டாங்கன்னா, சார்?”

அவர் தொண்டு நிறுவனத்தின் ஜீப்புக்குப் போன் போட்டார்.

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி ஜீப் மலையேறியது. வளைவுக்கு வளைவு அவள் போனில் சிக்னல் ஒவ்வொரு கோடாகக் குறைந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது என்று சொல்லிக்கொண்டாள். கரியாலூருக்குப் பிறகு மண்பாதை. டிரைவர் வெங்கடேசன் ஒரு பள்ளத்தில் மெதுவாக இறக்கியபோது, வேகமாப் போங்கண்ணா என்று கத்திவிட்டாள்.

பச்சையம்மாள் மரவள்ளிக் கொல்லையில் களை வெட்டிக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். நேற்று மூன்று பேரைப் பார்த்ததாகச் சொல்லி இடுப்பிலிருந்து போனை எடுத்துக் காட்டினார். முதல் இரண்டும் சரியாக இருந்தன. மூன்றாவது ரம்யா, எட்டு மாதம், 164, 112.

“எனக்கும் ஜாஸ்தியாத்தான் பட்டுது. ஆனா ஆப்பே பச்சை காட்டுதேன்னு, படுத்துக்கோடின்னு சொல்லிட்டு வந்துட்டேன்” என்றார்.

“அது தப்புக்கா. செவப்பு வந்திருக்கணும். நான் பண்ண தப்பு.”

பச்சையம்மாள் அவளை ஒரு பார்வை பார்த்தார். களைக்கொட்டைப் போட்டுவிட்டு ஓட ஆரம்பித்தார்.

ரம்யா தலையில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது. காலையிலிருந்து வாந்தி, கண்ணில் மின்னல் மின்னலாக வருகிறது என்றாள். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்ததாக அவள் கணவன் பகலவன் சொன்னான். பச்சையம்மாள் மறுபடி அழுத்தம் பார்த்து 180, 120 என்று போட்டார். இன்னும் மாற்றாத அந்தப் போனில் பொத்தான் அழகாக, அமைதியாகப் பச்சையில் வந்து நின்றது. இசைவாணியால் அதைப் பார்க்க முடியவில்லை.

ஜீப்பில் ரம்யாவின் தலை பச்சையம்மாள் மடியில், கால்கள் இசைவாணி மடியில். கரியாலூர் சுகாதார நிலையத்தில் நர்ஸ் ஓர் ஊசி போட்டு, வழியில் வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள் என்று சொல்லி, தானும் ஏறிக்கொண்டார். ஒவ்வொரு வளைவிலும் அந்தக் கால்கள் அசையும்போதெல்லாம் வலிப்புதானோ என்று இசைவாணிக்கு உயிர் போய் வந்தது. அடிவாரத்தில் முன் சீட்டிலிருந்து பகலவன் கேட்டான், “நீங்க ஆஸ்பத்திரியாங்க?”

“இல்லைங்க. அந்தப் போனுல பட்டனுக்குக் கலரு எழுதறவ.”

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. அவளை ஒரு தடவை பார்த்துவிட்டு மனைவி பக்கம் திரும்பிக்கொண்டான்.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் அன்று மாலையே அறுவை செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண். ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கூட. இன்னும் ஒரு ராத்திரி போயிருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். ரம்யாவுக்கு அழுத்தம் இறங்க ஐந்து நாள் ஆனது. குழந்தை ஒரு மாதம் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. இரண்டு உயிரும் தப்பின.

நடந்ததைப் பகலவனுக்குப் புரியும்படி மூன்றாம் நாள் இசைவாணி சொன்னாள். அவன் எழுந்து வெளியே போய்விட்டான். தொண்டு நிறுவனத்துக்கும் தன் பெயரைப் போட்டே எழுதினாள். பச்சையம்மாள் அதுவரை அவளோடு பேசவில்லை. வார்டு வாசலில் அன்றுதான் வாய் திறந்தார்.

“நாளைக்கு இன்னொன்ன மாத்துவீங்க. அது எனக்கு எப்டித் தெரியும்?”



வேலையை விடுவதாக இருந்தவளை, இதைச் சரிசெய்துவிட்டுப் போ என்றார் கவியரசன். சரிசெய்ய இரண்டு மாதம் பிடித்தது. இப்போது எச்சரிக்கை வந்தால் திரை முழுதும் சிவப்பாகி ஒலியும் எழும். பெயர் சொல்லாத பொத்தானுக்கு எந்த நிறமும் விழாது, செயலியை வெளியிடத் தயாராக்கும்போதே தவறு என்று நின்றுவிடும். அவள் வேலையை விடவில்லை. ஒவ்வொரு பதிப்புக்கும் மறுநாள் மலையேறி, ஒவ்வொரு போனிலும் 170, 110 என்று போட்டுப் பார்க்கிறாள்.

போன தடவை பச்சையம்மாளின் போனைக் கையில் வாங்கியபோது, உறைக்குள் ஒரு தாள் செருகியிருந்தது. பெரிய எழுத்தில் 140, 90 என்று பேனாவால் எழுதியிருந்தார்.

“இதுக்கு மேல போனா கலரைப் பாக்கறதில்ல, ஜீப்பைக் கூப்புட்டுடுவேன்” என்றார்.

இசைவாணி அந்தத் தாளைப் படம் எடுத்துக்கொண்டாள். மற்றப் போன்களுக்கும் அதே போல எழுதித் தர முடியுமா என்று அவரையே கேட்டாள்.