வடமாலபேட்டை அருகே பதினோரு பெயர்கள் இருந்த கல்

என் தாத்தா சுதந்திரப் போராட்டத்தில் ஒன்பது மாதம் சிறையில் இருந்தவர். அவரையும் சேர்த்து, சிறைக்குப் போன பதினோரு பேரின் பெயர்களையும் ஊர் முனையில் ஒரு கல்லில் வெட்டியிருந்தார்கள். அதை இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்றார் நைனா, என் அப்பா. அவருக்கு எழுபத்தெட்டு வயது. கடந்த ஜனவரியில் ஒரு சனிக்கிழமை கிளம்பினோம்.

சென்னை மாதவரத்தில் காலை 6.10க்குத் திருப்பதி பஸ். வடமாலபேட்டையில் இறங்கும்போது மணி 9.25. அங்கிருந்து ஊர் ஆறு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு 150 ரூபாய். (ஊர் பெயரை எழுதவில்லை. அங்கே இன்னும் உறவுக்காரர்கள் இருக்கிறார்கள்.)

கல் இருந்த இடத்தில் பூங்கா. நடுவில், இப்போதைய ஆட்சிக்கு வேண்டிய ஒரு தலைவரின் சிலை. இந்த வட்டாரத்துப் போராட்டத்தை நடத்தியதே அவர்தான் என்று பளிங்குப் பலகையில் தெலுங்கில் எழுதியிருந்தது. நைனா எழுத்துக்கூட்டி இரண்டு முறை படித்தார்.

"அந்தாளு இந்தப் பக்கமே வந்ததில்லியேடா."

பூங்காவைப் பெருக்கிக்கொண்டிருந்த செல்வி என்ற பெண்ணிடம் விசாரித்தார்.

"ஏம்மா, பதினோரு பேரு வெட்டின கல்லு ஒண்ணு இருந்துச்சே?"

"பார்க்கு கட்டச்சொல்லோ ஜேசிபில எத்தினு போய் கால்வா மேல போட்டாங்க அய்யா. அது மேல இப்ப ரோடே வந்துட்ச்சி. எங்க மாமனார் தாத்தா பேரும் அதுல இருந்துச்சி. ஆபீஸ்ல கேட்டா, ரிகார்டுல லேது, இல்லவே இல்லன்னுட்டாங்க."

"நீங்க சும்மாவா உட்டீங்க?"

அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "எம் பொண்ணு இந்தச் சிலையில இருக்கறவரப் பத்திப் பேசி ஸ்கூல்ல ஃபர்ஸ்ட் பிரைஸ் வாங்கினு வந்தா. கைதட்டிட்டு வந்தேன். வேற இன்னா பண்றது?"

11.40க்கு ரோட்டுக்கு வந்து சென்னை பஸ் ஏறினோம். புத்தூர் தாண்டியதும் நைனா ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்:

"எங்க நைனாவுக்கு எடது கை கோணலா இருக்கும். போலீஸ்காரன் அடிச்சதுன்னு சொல்லுவாரு. ஒருவேளை கெணத்துல கினத்துல உழுந்திருப்பாரோ?"

"இல்ல நைனா" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார், நம்பியது போலத் தெரியவில்லை. கல்லை எடுத்தவர்கள் மீது வந்ததைவிட எனக்கு அந்தக் கேள்வியின் மீதுதான் அதிகக் கோபம். பெற்ற தகப்பனையே பொய்யராக்கிப் பார்க்க வைத்துவிட்டது ஒரு பலகை.

போகிறவர்களுக்கு: பூங்கா காலை 9 முதல் மாலை 6 வரை. கட்டணம் இல்லை. நிழலும் இல்லை, தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். இதுபோல ஒரு கல்லைக் காட்ட வீட்டுப் பெரியவரை அழைத்துப் போவதாக இருந்தால், முதலில் நீங்கள் மட்டும் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.