நயினாரின் பொழுது

மல்லாட்டைக் கடலை ஒன்றைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்க்கிறார் ஜீவராஜ் நயினார். உள்ளே பருப்பு கலகலத்தால் சரக்கு நன்றாகக் காய்ந்துவிட்டது. சத்தமில்லாவிட்டால், "இன்னும் ரெண்டு வெயிலு காட்டி எட்தாப்பா" என்று மூட்டையைத் திருப்பி வண்டியில் ஏற்றச் சொல்லிவிடுவார். அந்தக் காதை ஏமாற்றிய குடியானவன் செஞ்சி வட்டாரத்தில் இன்னும் பிறக்கவில்லை.

சிரிப்பு வந்தால் மட்டும் துண்டை வாயில் பொத்திக்கொள்வார். கூச்சமல்ல, காசம். அது மார்பில் குடியேறிய பிறகு மனிதர் சிரிப்பைக் குறைக்கவில்லை, துண்டைத்தான் பெரிதாக்கிக்கொண்டார்.

சமணர் வீட்டு வழக்கப்படி பொழுது சாய்ந்தபின் அவருக்குப் பச்சைத் தண்ணீரும் பல்லில் படாது. பஞ்சாயத்து ரேடியோ சொல்லும் மணியை அவர் நம்புவதில்லை. கடைக்கு எதிரே நிற்கும் ராஜகிரி மலைதான் கணக்கு. கோட்டைக்குப் பின்னால் சூரியன் இறங்கிவிட்டால் வாயும் மூடிக்கொள்ளும். வண்டிகள் பிந்தி வருகிற நாட்களில், எடை போட்டு நிமிர்வதற்குள் மலை முந்திக்கொள்ளும். சாயங்கால மாத்திரை டப்பாவிலேயே தங்கிவிடும். இப்படி விட்டு விட்டுத் தின்றதில் கிருமி மருந்துக்குப் பழகிப்போயிற்று என்றார் பட்டணத்து டாக்டர்.

"தெரு நாயி மாரி பழகிடுச்சாம். இன்னா போட்டாலும் வாலாட்டுதாம்" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார் நயினார். சிரிக்காதவள் அவர் மனைவி லீலாவதி ஒருத்திதான். இப்போது கொடுத்திருக்கும் புது மாத்திரையும் கேட்காவிட்டால் தன்னிடம் வேறு மருந்தில்லை என்று டாக்டர் சொன்னது அவள் நெஞ்சைவிட்டு இறங்கவில்லை.

புது மாத்திரை குடலைப் புரட்டுகிறது. இருந்தாலும் இருமல் தணிந்து, பசி திரும்பியிருக்கிறது. பசிப்பதே பெரிய பாக்கியம் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். பார்க்க நமக்கே நிறைவாக இருக்கிறது.

நேற்று மண்டகப்பட்டு கன்னியப்பனின் மாடு வழியில் நொண்டிவிட்டது. அவன் சரக்கை எடை போட்டு முடித்தபோது மலைக்கு மேலே சூரியன் இல்லை, வெளிச்சம் மட்டும் மிச்சமிருந்தது. லீலாவதி சொம்பும் மாத்திரையுமாகக் கடைக்கே வந்துவிட்டாள். நயினார் மலையைப் பார்த்தார்.

"மலைக்கு அந்தாண்ட இருக்கிற நம்ம ஜனங்க இன்னும் சாப்ட்டுனுதான் இருப்பாங்க" என்றாள் அவள். "அவங்களுக்கு ஒரு பொழுது, உங்களுக்கு ஒரு பொழுதா?"

நயினார் எழுந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டார். ராஜகிரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அவளிடம் கையை நீட்டினார்.