தலைகீழாகப் பார்ப்பவர்

சட்டையைத் தலைகீழாகத்தான் விரிப்பார். கழுத்து தன் வயிற்றுப் பக்கம், கீழ் ஓரம் எதிர்ப்பக்கம். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, துணியில் மூக்கு உரசும் அளவுக்குக் குனிந்து, அச்சின் மேல் விரலை ஓட்டுவார். கண்ணாடி கண்ணில் இருக்கப் பார்த்தவர்கள் குறைவு. ஆனாலும் சட்டைக் கம்பெனியின் செக்கிங் பிரிவில் எல்லோருக்கும் அவர் கண்ணாடியக்காதான்.

"எழுத்தைப் படிச்சா கண்ணு அர்த்தத்துக்குப் பின்னாடி ஓடிரும். ஓட்டை தெரியாது" என்பார். "எட்டாவது வரைக்கும் படிச்சதுக்கு எவனும் காசு தரல. இங்க படிக்காம இருக்கத்தான் சம்பளமே."

பத்தொன்பது வருடம் இதே வேலை. மை பிசிறினாலோ, ஊசிமுனை அளவுக்கு இடம் விட்டிருந்தாலோ தூக்கி ஓரமாகப் போட்டுவிடுவார். தேறியதைக் கட்டாகக் கட்டிச் சீட்டில் கையெழுத்துப் போடுவார். சுவரில் ஒட்டிய அறிவிப்பைக்கூடக் கழுத்தைச் சாய்த்துத்தான் பார்ப்பார். தொழில் அப்படி உடம்பில் ஊறிப்போயிருக்கிறது.

போன மாதம் சிறுவர் சட்டை ஒன்று வந்தது. சோப்பு நுரைக் குமிழிகள், நடுவில் கொட்டை எழுத்தில் "தேய்ச்சா வெளுத்துடுவேன்". ஒரு குமிழியில் ஓட்டை என்று அக்கா இருநூறு சட்டைகளைத் திருப்பி அனுப்பினார். மேலாளரே வந்து பாராட்டிவிட்டுப் போனார். மற்றவையெல்லாம் கடைகளுக்குப் போயின. கூடவே விளம்பரமும் வந்தது. அதில் கறுத்த பையன் ஒருவன் அந்தச் சட்டையோடு பல் தெரியச் சிரித்தான். பக்கத்தில் வெளுத்த பையனின் சட்டையில் "நான்தான் ஹீரோ".

ஊழியர் விலையில் கிடைத்த குமிழிச் சட்டை ஒன்றை அக்கா தன் ஆறு வயது மகளுக்கு வாங்கிப் போயிருந்தார். மகள் அம்மாவைப் போலவே அட்டக்கருப்பு, இப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். துணி கெட்டி, தையல் கெட்டி, அக்காவுக்கு அது போதுமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் கலர் டிரஸ் போடுகிற நாளில் போட்டுக்கொண்டு போனவள், முழங்கைக்குக் கீழே தோல் உரிந்து வந்தாள்.

"கிளாஸ்ல பசங்க ரப்பர் வெச்சுத் தேச்சாங்கம்மா, வெளுக்குதான்னு. கொஞ்சம் அவங்க தேச்சாங்க. மீதி நானே தேச்சேன்."

அன்றுதான் அக்கா கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு அந்தச் சட்டையைப் படித்தார். தன் கையாலேயே பொத்தான் மாட்டி மகளை அனுப்பியது நினைவுக்கு வந்தபோது அழுதுவிட்டார்.

அதற்குள் விளம்பரத்தைப் பார்த்து ஊரே கொதித்துவிட்டது. கம்பெனி படத்தை எடுத்துவிட்டு, தவறு நடந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக அறிக்கை விட்டது. மேசைக்கு மேசை கைமாறி வந்த அசிங்கம், இருப்பதிலேயே சம்பளம் குறைந்த மேசையில் வந்து நின்றுகொண்டது.

மேலாளர் அக்காவைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, தட்டச்சு செய்த தாள் ஒன்றை நீட்டினார். 'வாசகத்தைக் கவனிக்காமல் அனுப்பியது என் தவறு' என்று அதில் இருந்தது.

"ஒரு கையெழுத்துதான்க்கா. எச்சரிக்கையோட விட்டுருவாங்க. போடலன்னா வேலைக்கு நான் பொறுப்பில்ல."

"சட்டையில அதை எழுதுனது யாரு சார்?"

"அது விளம்பர ஏஜென்சி."

"அந்தப் பையனுக்கு மாட்டிப் படம் புடிச்சது?"

"மார்க்கெட்டிங். அவங்க வேற பில்டிங்."

"சரி, அச்சடிக்கலாம்னு சொன்னது?"

மேலாளர் கைபேசியைத் தடவினார். "மேல நாலஞ்சு பேர் பாத்தாங்க. எனக்கும் வந்துச்சு. தமாஷா இருந்துச்சு, விட்டுட்டேன்."

அக்கா தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "நான் படிக்கல சார். அது என் தப்புதான். நீங்கள்லாம் படிச்சிருக்கீங்க."

கையெழுத்துப் போட்டார். மேசை மேல் கிடந்த அடிக்கோலை எடுத்து, தன் பெயருக்குக் கீழே ஒன்றன்கீழ் ஒன்றாக, கையெழுத்துக்கு இடம் விட்டு, நான்கு கோடுகள் இழுத்தார். தாளை மேலாளர் பக்கம் நகர்த்திவிட்டுப் பேனாவை நீட்டினார். அவர் வாங்கவில்லை. அக்கா கையை மடக்கவும் இல்லை.