கோழி வருவதற்கு முன்பே

ஒரு கோழிகூட இல்லாமல் கோழி வளர்ப்பில் நிபுணரானவன் எங்கள் ஊரில் நான் ஒருவன்தான். இரண்டு வருடத்துக்கு முன், சம்பா நேரடி விதைப்பு முடிந்த கையோடு, நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் எனக்கு அந்த ஆசை பிடித்தது. கொல்லையில் நாலு நாட்டுக்கோழி விட வேண்டும். செல்போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். வராத கோழிகளுக்குப் பேர் வைத்தேன். அவை இடாத முட்டைகளைச் சொந்தக்காரர்களுக்குப் பங்கு பிரித்தேன். கூண்டுக்குப் பச்சை பெயின்ட் அடித்தபோது, வீட்டுச் சுவருக்கு இன்னும் சுண்ணாம்பே அடிக்கவில்லை என்பதை என் மனைவி ஞாபகப்படுத்தினாள்.

கோழி தருவதாகச் சொல்லியிருந்தது பக்கத்து வீட்டு அக்கா. சொந்தம் இல்லை, ஆனால் என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். கணவர் மஸ்கட்டில். மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். இப்போது முட்டையெல்லாம் பிள்ளைத்தாய்ச்சிக்கு வேண்டும், பிரசவம் முடியட்டும், நாலு பெட்டை பிடித்துத் தருகிறேன் என்றார் அக்கா.

எனக்குப் பொறுக்கவில்லை. தீனி கிடைக்கும் இடத்துக்குக் கோழி தானாகப் பழகும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். அப்படியானால் எனக்கு வரப்போகிற பெட்டைகளை இப்போதே என் கூண்டுக்குப் பழக்கிவிடலாமே. விதைத்தது போக மிச்சம் கொஞ்சம் விதைநெல் கிடந்தது. வேர்ப்பூச்சிக்கென்று மருந்து கலந்த நெல். விற்க முடியாது, அவிக்க முடியாது. ஆனால் நெல்லைக் குப்பையில் கொட்ட இந்தப் பக்கத்து ஆளுக்குக் கை வருமா? மொட்டை மாடியில் நல்ல வெயிலில் காயப்போட்டேன். அள்ளி முகர்ந்து பார்த்தேன், வாடை இல்லை. வாடை போனால் மருந்தும் போச்சு என்று தீர்ப்பு எழுதிவிட்டேன். மறுநாள் காலையில் கூண்டுக்குள் தாராளமாக இறைத்து, கதவைத் திறந்து வைத்துவிட்டு, மன்னார்குடியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டேன்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோதே கோழிக்குழம்பு வாசனை. அக்கா கொடுத்தனுப்பியது என்றாள் மனைவி. மத்தியானத்திலிருந்து அக்கா வீட்டுக் கோழிகள் ஒவ்வொன்றாகக் கழுத்தைத் தொங்கப்போட்டு விழுந்தனவாம். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கோழிக்குக் கழிச்சல் நோய் வந்துவிட்டால், அது தானாகச் சாவதற்குள் அறுத்துவிடுவார்கள். அன்றைக்கு அக்கம்பக்கத்திலும் கறிக்குழம்பு மணக்கும். அக்காவும் அப்படித்தான் நினைத்து, உயிரோடு இருந்தவற்றை அறுத்திருக்கிறார்.

கொல்லைக்கு ஓடிப்போய்க் கூண்டைப் பார்த்தேன். மூலையில் நாலைந்து நெல்தான் மிச்சம். யாரும் அந்தக் குழம்பை வாயில் வைக்கக் கூடாது என்று மனைவியிடம் கத்திவிட்டு அக்கா வீட்டுக்கு ஓடினேன்.

அங்கே யாரும் இன்னும் சாப்பிடவில்லை. அந்தப் பெண்ணைத் தவிர. பிள்ளைத்தாய்ச்சிக்கு என்று ஈரலை முதலில் எடுத்து சூப் வைத்துக் கொடுத்திருந்தார்கள். அவள் முற்றத்தில் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். உடம்பெல்லாம் வியர்வை, வாயிலிருந்து எச்சில் வழிந்தபடி இருந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? நோய்க்கோழி, விஷமாகியிருக்கும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். அந்த நேரத்திலும் பழியைக் கோழி மேல் போட்டேன்.

ஆட்டோவில் தாயும் மகளும் பின்னால், நான் டிரைவர் பக்கத்தில். நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. அந்த கேட் மூடினால் எப்போது திறக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. அதைப் பற்றி நான் சொல்லாத ஜோக் இல்லை. டிரைவர்கூட வழக்கம்போல ஏதாவது சொல்வேனென்று என் முகத்தைப் பார்த்தார். கேட்டுக்கு அந்தப் பக்கம் நெல் மூட்டை ஏற்றிய கூட்ஸ் ஒன்று போவதும் நிற்பதுமாக இருந்தது. பின்னால் மகள் முனகினாள். பிள்ளை அசையவே மாட்டேன் என்கிறதே என்று அவள் சொன்னது எனக்குக் கேட்டது. அக்கா தன்னைத் தானே நொந்துகொண்டிருந்தார்.

"நாந்தான் மொளகை அள்ளிப் போட்டுட்டேன். சூடு ஒத்துக்கல."

இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் டாக்டர் தப்பான வைத்தியம் பார்ப்பார் என்று அப்போதுதான் உறைத்தது.

"மொளகு இல்லக்கா," என்றேன். "காலைல நான் கூண்டுல போட்ட நெல்லு. மருந்து கலந்த வெதநெல்லு."

அக்கா என்னைப் பார்த்தார். திட்டுவார், அடிப்பார் என்று காத்திருந்தேன். அவர் திரும்பி, முந்தானையால் மகளின் வாயைத் துடைத்தார். கூட்ஸ் நகர்ந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வியே என்ன மருந்து என்பதுதான். எனக்குப் பேர் தெரியவில்லை. வராத கோழிகளின் பேரெல்லாம் தெரியும், வயலில் கொட்டுகிற மருந்தின் பேர் தெரியாது. மனைவி மாட்டுக்கொட்டகையில் தேடிக் காலி டப்பாவைப் படம் எடுத்து அனுப்பினாள். அதை வைத்துத்தான் ஊசி போட்டார்கள். உள்ளே போனது கொஞ்சம்தான், ஆனால் வயிற்றுப் பிள்ளையைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். விடியும்போது அசைந்தது என்று நர்ஸ் வந்து சொன்னார். அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதார். நான் பக்கத்தில் போகவில்லை.

மறுநாள் மாடியில் மிச்சமிருந்த நெல்லைக் குழி வெட்டிப் புதைத்தேன். கூண்டைப் பிரித்துப் போட்டேன். அந்த வாரம் முழுக்க டீக்கடைப் பக்கம் போகவில்லை. போனால் யாராவது ஜோக் சொல்லக் கேட்பார்கள். அக்கா அதற்குப் பிறகு என்னைத் திட்டவே இல்லை. தம்பி என்று கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டார். எந்த வசவும் அந்த அளவுக்கு வலித்திருக்காது. இன்றைக்கும் விதைநெல்லில் கை வைக்கும்போதெல்லாம் அந்த கேட்டின் முன்னால்தான் நான் நிற்கிறேன்.

ஆண் குழந்தை பிறந்து வீட்டுக்கு வந்தார்கள். ஊரே போய்ப் பார்த்துவிட்டு வந்தது. கடைசி ஆளாக நானும் போய் வாசல்படியில் நின்றேன். யோசித்து வைத்திருந்த மன்னிப்பு ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகட்டுமா என்று மட்டும் கேட்டேன். அக்கா மடியில் இருந்த பிள்ளையை விட்டுத் தலையை நிமிர்த்தவில்லை.

"கையக் கழுவிட்டு வா."